அஞ்சடித் திண்ணை

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணி வாக்கில் சிங்கப்பூர்த் தேக்காவின் டன்லப் ஸ்திரீட்டுக்குள் நுழைந்தால், பள்ளிவாசலுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. கழுத்தில் அலுவலக அட்டை தொங்க வருகிறவர், கட்டட வேலையிலிருந்து சிமெண்டுத் தூசி படிந்த காலணியோடு விரைகிறவர், கடையை உதவியாளிடம் விட்டுவிட்டு வரும் முதலாளி, எல்லாரும் ஒரே வாசலை நோக்கிப் போகிறார்கள். அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் தலைவாசலுக்கு மேல் சூரியன் போல ஒரு சுதைவேலை இருக்கிறது. அதிலிருந்து 25 கதிர்கள் விரிகின்றன. கதிருக்கு ஒன்றாக 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வருகிற பயணிகள் அதைத்தான் படம் பிடிக்கிறார்கள். எனக்கோ அந்த வாசலைவிட அதற்கு முன்னால் வரிசையாக நிற்கும் பழைய கடைவீடுகள் முக்கியமாகப் படுகின்றன.

1843இல் இந்தப் பகுதியில் குதிரைப் பந்தயத் திடல் வந்தது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அப்படி வந்ததுதான். குதிரைகளைப் பராமரித்த தென்னிந்தியர்களும் பாவியான் தீவுக்காரர்களும் சுற்றுவட்டாரத்தில் தங்கினார்கள். அவர்கள் தொழுவதற்கு மரத்தாலான ஒரு சிறு பள்ளி எழுந்தது. பின்னர் அதன் அறங்காவலர்களில் ஒருவரான ஷேக் அப்துல் கஃபூர், 1887இல் அந்த நிலத்தில் கடைவீடுகளும் குதிரை லாயங்களும் கட்ட ஏற்பாடு செய்தார். அவற்றின் வாடகை சேர்ந்துதான் 1907இல் இன்றைய கல் கட்டடம் எழத் தொடங்கியது. 1979இல் அது தேசிய நினைவுச்சின்னம் ஆனது. ஆக, கடை முந்தியது, இன்றைய பள்ளிக் கட்டடம் பிந்தியது. தெருவில் வியாபாரம் செய்தவர் கட்டிய வாடகைதான் தொழுகைக்கு நிழலாக மாறியது.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் வக்ஃபு. ஒரு சொத்தை இறைவன் பெயரில் கட்டிவைத்துவிட்டால் வாரிசுகள் அதை விற்றுத் தின்ன முடியாது. வருமானம் மட்டும் குறித்த நற்காரியத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் எழுப்பிய மருத்துவமனை இப்படித்தான் நடந்தது. கடைகளின் வாடகையில் நோயாளிக்கு மருந்து போனது. பழைய இஸ்லாமிய நகரங்களில் கிணறு, குடிநீர்ப் பந்தல், சத்திரம், பள்ளிக்கூடம் எனப் பலவற்றுக்குப் பின்னால் ஏதோ ஒரு கடைத்தெரு வாடகை இருந்தது. நம் கோயில் மானியங்களும் சத்திரத்து நிலங்களும் அறிந்த தமிழருக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. கடல் தாண்டி வந்த மரைக்காயருக்கும் ராவுத்தருக்கும் இது ஊரிலிருந்து மூட்டை கட்டி வந்த பழக்கம்.

சிங்கப்பூரின் நகரத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1822இல் தொடங்குகிறார்கள். ராஃபிள்ஸ் அந்த நவம்பரில் ஒரு நகரக் குழுவை அமைத்தார். லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்த வரைபடத்தில் சீனருக்கு ஒரு பகுதி, ஆற்றின் மேற்புறத்தில் சூலியா கம்பம், சுல்தானுக்கும் அரபுகளுக்கும் புகீஸ்காரர்களுக்கும் கம்போங் கிளாம் என்று இனவாரியாகக் கட்டம் போடப்பட்டிருந்தது. ஆனால் வரைபடத்தின் கோடுகளை மனிதர்கள் அப்படியே மதிக்கவில்லை. சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் சௌத் பிரிட்ஜ் ரோட்டில் 1826இல் பெரிய பள்ளியையும், அடுத்த ஆண்டு தெலுக் ஆயரில் ஓலைக் குடிசையாகக் குச்சுப் பள்ளியையும் தொடங்கினார்கள். பெரிய பள்ளிக்குச் சில அடி தூரத்தில் மாரியம்மன் கோயில். தெலுக் ஆயரில் 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்த நாகூர் தர்காவுக்கு அருகில் ஹொக்கியன் சீனரின் தியான் ஹொக் கெங் கோயில். அன்று அந்தத் தெரு கடற்கரை. கரை இறங்கிய தமிழனும் சீனனும் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு அடுத்தடுத்து நின்று நன்றி சொன்னார்கள்.

நகரக் குழுவுக்கு ராஃபிள்ஸ் கொடுத்த அதே 1822 உத்தரவில் இன்னொரு வரி இருந்தது. கட்டப்படும் வீடுகளின் முன்னால் குறிப்பிட்ட ஆழத்துக்கு ஒரு தாழ்வாரம் இருக்க வேண்டும், அது தெரு நெடுக இடைவிடாத, கூரையிட்ட பொதுநடையாகத் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மலாயில் காக்கி லீமா என்றும் நம் வாயில் அஞ்சடி என்றும் வழங்குவது இதைத்தான். கூரை கடைக்காரருடையது, நடை ஊருடையது. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் இந்த ஊரில் இதைவிடக் கருணையான ஒரு கட்டட விதி எழுதப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ராஃபிள்ஸ் இதை எங்கிருந்து எடுத்தார் என்ற ஆராய்ச்சி வேறு. கருத்து மட்டும் பழையது. 14ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் இப்னு அர்ராமி என்றொரு மேஸ்திரி இருந்தார். நகரத்தின் காஜிகள் கட்டடத் தகராறுகளை நேரில் பார்த்துச் சொல்ல அவரை அனுப்புவார்கள். கண்டதையும் தீர்ப்பானதையும் அவர் நூலாக எழுதி வைத்தார். பக்கத்து வீட்டு முற்றத்தைப் பார்க்கும் ஜன்னல், அடுத்த வீட்டுக்குள் போகும் அடுப்புப் புகை, தெருவில் திரும்பும் கழிவுநீர் என்று அன்றாட வழக்குகள். அவற்றுக்கெல்லாம் அடியில் இருந்த விதி சின்னது: நீ தீங்கு செய்யாதே, தீங்குக்குப் பதில் தீங்கும் செய்யாதே. வீட்டுச் சுவரை ஒட்டிய வெளிப்பட்டைக்கு அவர்கள் ‘ஃபினா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் அதில் சரக்கை இறக்கலாம், விலங்கைக் கட்டலாம், உட்காரலாம். ஆனால் வழிப்போக்கருக்கு இடைஞ்சல் வரும் கணத்தில் அந்த உரிமை சுருங்கிவிடும். முழுக்கச் சொந்தமும் இல்லை, முழுக்கப் பொதுவும் இல்லை.

நமக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். திண்ணை என்றால் போதும். காயல்பட்டினத்தில் வீட்டு வரிசைகளுக்கு இடையே பெண்கள் வெளித்தெருவுக்கு வராமல் போய்வரும் முடுக்குகள் உண்டு. அவற்றைக் காப்பு என்று பார்ப்பாரும் உண்டு, கட்டுப்பாடு என்று பார்ப்பாரும் உண்டு. எனக்கு இரண்டாவது கட்சியின் பக்கம் சாய்வு அதிகம். ஆனாலும் எந்த வீட்டுப் பத்திரத்திலும் முழுதாக அடங்காத அந்தக் குறுகிய வழிகளை, அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் அந்த விட்டுக்கொடுத்தல் எளிதாக நடந்துவிடவில்லை. அஞ்சடியில் கடை பரப்பிய வியாபாரிகளை அகற்ற நகராட்சி முனைந்தபோது 1888 பிப்ரவரியில் கலவரமே வெடித்தது, கடைகள் அடைக்கப்பட்டன. நடப்பவருக்கு வழி வேண்டும், பிழைப்பவருக்கு இடம் வேண்டும். இரண்டும் நியாயம். அன்றைய அதிகாரிகள் அதை இடையூறு என்ற ஒரே சொல்லில் அடைத்தார்கள். துனிஸ் மேஸ்திரியாக இருந்தால் ஒவ்வொரு தூணருகிலும் நின்று, எவ்வளவு பரப்பினால் யாருக்கு இடைஞ்சல் என்று அளந்து பார்த்திருப்பார்.

இந்த ஊரில் ஏழைக்கு நகரத்தில் பங்கு தந்த ஒரு கட்டடத்தைக் காட்டச் சொன்னால் சுல்தான் பள்ளிவாசலைக் காட்டுவேன். சுவான் அண்ட் மக்லாரன் நிறுவனத்தின் டெனிஸ் சான்ட்ரி வரைந்த இன்றைய கட்டடம் 1920களில் எழுந்தது. பொற்குவிமாடத்தின் அடியில் கறுப்பாக ஒரு வளையம் தெரியும். அரபு வீதிப் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அது கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகம். பணம் கொடுக்க முடியாத முஸ்லிம்கள் புட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றை எங்காவது பின்சுவரில் பதித்து மறைக்காமல், ஊர் முழுக்கப் பார்க்கும் உயரத்தில், குவிமாடத்தைத் தாங்கும் இடத்தில் வைத்தார்கள். செல்வந்தரின் நன்கொடையும் அதே கட்டடத்தில் இருக்கிறது. ஆனால் எந்தச் செங்கல் யாருடையது என்று சொல்ல முடியாது, புட்டியைச் சொல்லலாம்.

கம்பங்கள் என்ற பழைய குடியிருப்புகள் இடிபட்டு மக்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளுக்குப் போனபோது, சூராவு எனப்படும் சிறு தொழுகைக்கூடங்களும் சிறு பள்ளிகளும் போயின. அப்போது 1975இல் பள்ளிவாசல் கட்டுமான நிதி தொடங்கியது. வேலை செய்யும் ஒவ்வொரு முஸ்லிமின் சம்பளத்திலிருந்தும் மத்திய சேமநிதி வழியாக மாதம் 50 காசு. அதில் எழுந்த முதல் பள்ளி, 1977இல் தோ பாயோவில் திறந்த முஹாஜிரின். அந்த 50 காசும் ஒரு புட்டிதான்.

இதையெல்லாம் நினைத்துப் பார்க்க வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலு மணி, மழை பிடித்துக்கொண்டது. டன்லப் ஸ்திரீட் அருகில் ஓர் அஞ்சடியில் ஒதுங்கி நின்றேன். மூன்று இளைஞர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் கையில் ஊருக்கு அனுப்ப வாங்கிய பொருட்களின் பை, இன்னொருவர் கையில் பிரியாணிப் பொட்டலங்கள். ஒருவர் கடைக்காரரைப் பார்த்துக் கேட்டார்: “அண்ணே, இங்க கொஞ்சம் உக்காந்துக்கலாமா?” இந்த ஊரின் மேம்பாலத்தையும் ரயில் சுரங்கத்தையும் கட்டுகிற கைகள் அவை. மழைக்கு ஒதுங்கி இரண்டடி தரையில் உட்காருவதற்கு அவருக்கு அனுமதி வேண்டியிருந்தது.

நபிகள் நாயகம் தெருவோரங்களில் உட்காருவதைத் தவிர்க்கச் சொன்னபோது, எங்களுக்குப் பேச வேறு இடம் இல்லையே என்று தோழர்கள் சொன்னதாக ஹதீஸ் தொகுப்புகளில் ஒரு செய்தி வருகிறது. அவர் அவர்களை எழுப்பி விரட்டவில்லை. அப்படியானால் பாதைக்கு உரிய கடமையைக் கொடுங்கள் என்று, பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராமலிருப்பது, சலாமுக்குப் பதில் சொல்வது எனச் சிலவற்றைச் சொன்னார். நகர வடிவமைப்பைப் பற்றி எத்தனை நூல்கள் படித்தாலும் நான் திரும்பத் திரும்ப வருவது இந்த உரையாடலுக்குத்தான். வேறு இடம் இல்லை என்ற சொல் அங்கே காது கொடுத்துக் கேட்கப்பட்டது.

தேக்காவின் தெருக்களுக்கு வேறொரு நினைவும் உண்டு. 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷயர் ரோடும் சேரும் இடத்தில் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் பேருந்தின் அடியில் சிக்கி இறந்தார். அதைத் தொடர்ந்து மூண்ட கலவரம், 40 ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊர் காணாதது. வாகனங்கள் எரிந்தன, காவலர்கள் காயப்பட்டார்கள். அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. பிறகு 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. விளக்குகளும் கேமராக்களும் கூடின, வெளிநாட்டு ஊழியர் விடுதிகளுக்கு அருகே பொழுதுபோக்கு நிலையங்கள் பெருகின. அவற்றில் நன்மை உண்டு. ஆனால் தேக்காவுக்கு வருவது வெறும் பொழுதுபோக்கு அல்ல. கடையில் தன் மொழியில் விலை கேட்பதும், தன் ஊர்க்காரனைத் தற்செயலாகப் பார்ப்பதும், வீரமாகாளியம்மன் கோயிலிலோ அங்குலியா பள்ளிவாசலிலோ தலை குனிவதும் வேலிக்குள் அமைத்துத் தரக்கூடியவை அல்ல. 2020இல் தொற்று பரவியபோது மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்கள் விடுதிகளுக்குள் மாதக்கணக்கில் அடைபட்டிருந்தார்கள். சிராங்கூன் சாலையின் ஞாயிறுகள் காலியாகக் கிடந்தன. கடைக்காரர்கள் அப்போது புலம்பியது வியாபாரம் போனதற்காக மட்டுமல்ல. தெருவே வேறு ஊர்த் தெருவாகிவிட்டது என்றார்கள்.

இன்று டன்லப் ஸ்திரீட்டில் பயணிகள் விடுதிகளும் மதுக்கூடங்களும் காப்பிக் கடைகளும் இருக்கின்றன. வாடகை ஏறுகிறது. வக்ஃபு சொத்தைச் சும்மா கிடக்க விடக்கூடாது என்ற வாதம் சரியானதே. 1968இல் அமைந்த முயிஸ் என்ற இஸ்லாமிய சமய மன்றமும் அதன் வாரீஸ் நிறுவனமும் பழைய சொத்துகளைப் புதுப்பித்து வருமானத்தைப் பெருக்கியிருக்கின்றன. பென்கூலன் பள்ளிவாசல் வணிகக் கட்டடத்தோடு சேர்ந்து மீண்டும் எழுந்ததும் அப்படித்தான். என் கவலை கணக்குப் புத்தகத்தில் வராத ஒன்று. வாடகை மூன்று மடங்காகும்போது அந்த அஞ்சடியில் யார் உட்காருவார்? மேசை போட்டுவிட்டால் காப்பி வாங்காதவருக்கு அங்கே இடம் இல்லை. அறம் செய்யப் பணம் சேர்க்கும் சொத்து, வாசலிலேயே ஓர் அறத்தை இழந்துவிடக் கூடாது. குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்கவும் உட்காரவும் இடம் விட வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய வரிதான், திரும்ப எழுதுவதில் சிரமம் இல்லை.

அன்றைய மழை ஒரு மணி நேரம் பெய்தது. கடைக்காரர் பூ வாளிகளை உள்ளே இழுத்து இடம் கொடுத்திருந்தார். சாமான் வந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து விரித்தும் போட்டார். மூவரும் சாப்பிட்டார்கள், ஒருவர் வீட்டோடு வீடியோவில் பேசினார், கைக்குழந்தையின் முகம் திரையை நிறைத்தது. மழை விட்டதும் எழுந்து, சிந்திய சோற்றைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, அட்டையை மடித்துக் குப்பைத் தொட்டிக்கு எடுத்துப் போனார்கள்.

“அத எதுக்குத் தம்பி தூக்கிப் போடுறீங்க?” என்றார் கடைக்காரர். வாங்கித் தூணுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். “அடுத்த வாரம் வருவீங்கல்ல.”