விடிய விடிய எரியும் விளக்கு

பருவ இறுதி நெருங்கிவிட்டது என்பதை அறியப் பல்கலைக்கழக நாட்காட்டியைப் புரட்ட வேண்டியதில்லை. திருநெல்வேலியிலே, பரமேஸ்வராச் சந்தியைச் சூழ்ந்த ஒழுங்கைகளில் இரவு இரண்டு மணிக்கு நடந்து பார்த்தாற் போதும். வாடகை அறைகள் தோறும் விளக்கெரிகின்றது. மேசை மீது ஆறிய தேநீர். மேசைக்கு மேலே கவிழ்ந்த தலை. அவ்விளக்கைக் கண்டு நம் பெரியோர் பெருமிதம் அடைகின்றனர். “பிள்ளை விடிய விடியப் படிக்கிறது” என்று அயலாரிடம் சொல்லி மகிழாத தாய் நம்மிடையே உண்டோ? நாமும் அவ்வாறு புகழ்ந்தவர்களே. அப்புகழ்ச்சி பெரும் பிழை என்பதை இன்று வெளிப்படையாகக் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் பல்கலைக்கழக இடம் எவ்வளவு அரிதாய்க் கிடைக்கின்றது என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. எழுபதுகளின் தரப்படுத்தலைக் கண்டோம்; முப்பதாண்டு யுத்தத்தைக் கண்டோம்; பாடசாலைக் கூரையின்றி மரத்தடியிற் படித்துத் தேறிய தலைமுறையைக் கண்டோம். இன்றும் வன்னிக் கிராமம் ஒன்றிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவி, பல வேளைகளில் அக்குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் புகுபவளாகவே இருக்கின்றாள். இத்தனை தடைகளையும் தாண்டிப் பெற்ற இடத்தைப் பருவ இறுதியின் மூன்று வாரங்களிலே, உறக்கமின்மையாலும் பசியாலும் மனச்சோர்வாலும் நழுவவிடுவதா? இதனை ஒரு தனி மனிதனின் சோம்பல் என்று தள்ளிவிட நாம் ஆயத்தமாயில்லை.

முன்னாளிலே, சர்வகலாசாலை என்று நாம் அழைத்த காலத்திலே, ஆண்டிறுதியில் ஒரே பெரும் பரீட்சை நடைபெற்றது. இன்று ஏறத்தாழ 15 வார விரிவுரை, சில நாட் கற்றல் விடுமுறை, உடனே பரீட்சை. ஒவ்வொரு விரிவுரையாளரும் தத்தம் ஒப்படையைத் தத்தம் வசதிப்படியே கேட்கின்றார். ஆகவே ஒப்படைகளும் செய்முறைச் சோதனைகளும் இறுதி மூன்று வாரங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவிகின்றன. முதற் பத்து வாரங்களை வீணே கழித்த மாணவனுக்காக நாம் பரிந்து பேசவில்லை, அவனும் இருக்கின்றான். ஆனால் ஒழுங்காகப் படித்தவனும் அதே சுமையின் கீழ் நசுங்குகின்றானே, அதற்கு என்ன மறுமொழி?

நாட்காட்டியின் கதை இன்னும் சோகமானது. 2020இல் கொள்ளைநோய் பல்கலைக்கழகங்களை மூடியது. 2022இல் எரிபொருள் இல்லை, மின்சாரமும் மணிக்கணக்கில் இல்லை. 2024 மே மாதம் 2ஆந் திகதி தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. ஊழியரின் கோரிக்கையை நாம் குறை கூறவில்லை. இழந்த நாட்களை ஈடுசெய்ய எங்கே கை வைத்தார்கள் என்பதே நமது கேள்வி. மாணவனின் விடுமுறையிலன்றோ கை வைத்தார்கள்! ஒரு பருவத்தின் களைப்பு தீருமுன்னரே அடுத்த பருவம் தொடங்கிவிடுகின்றது.

இனி, உறக்கத்தைப் பற்றி. உறங்குவதைக் குற்றமாக எண்ணும் மாணவ நண்பர்கள் இரண்டு பழைய ஆய்வுகளைக் கேட்க வேண்டும். ஜேர்மன் அறிஞர் எபிங்ஹௌஸ் 1885இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையைக் காட்டினார். பொருளற்ற அசைகளை ஒரே நாளில் 68 தடவை உருப்போட்டதால் கிடைத்த பயன், மூன்று நாட்களிற் பிரித்து 38 தடவை படித்ததாலேயே கிடைத்துவிட்டது. 1924இலே அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் இரண்டு மாணவர்களைக் கொண்டு சோதித்தனர். பத்து அசைகளைக் கற்றபின் எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தபோது பாதிக்கு மேல் நினைவில் நின்றன. அதே எட்டு மணி நேரத்தை விழித்துக் கழித்தபோது ஏறத்தாழ ஒன்றே எஞ்சியது. இருவரை வைத்துச் செய்த சிறு சோதனைதான் என்று சொல்லலாம். ஆனால் அதன்பின் நூறாண்டுகளாக நடந்த ஆய்வுகளும் கற்றது உறக்கத்திலேதான் ஊன்றுகின்றது என்பதையே பெரிதும் வலியுறுத்துகின்றன. நள்ளிரவில் அருந்தும் கோப்பியின் ஊக்கப்பொருளிற் பாதியளவு, ஐந்து மணி நேரம் கழிந்தும் உடலில் நிற்கும். விடியற் காலையில் படுத்தும் கண் மூடாமற் புரள்வதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

வயிற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மகாபொல உதவித்தொகை 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே 5000 ரூபாவிலிருந்து 7500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வரவேற்றோம். ஆனால் அந்த 7500ஐ முப்பது நாட்களாற் பிரித்தால் நாளொன்றுக்கு 250 ரூபா. மூன்று வேளை உணவும், ஒப்படைகளுக்கான அச்சுச் செலவும், ஊருக்குப் போகும் பஸ் கட்டணமும் அதற்குள்ளே அடங்குமோ? அத்தொகையேனும் உரிய மாதத்தில் வருகின்றதா என்றால், தாமதமென்ற முறைப்பாடு ஆண்டுதோறும் எழுகின்றது. காசு குறைந்தால் மாணவன் முதலில் வெட்டுவது காலை உணவை. அடுத்து இரவு உணவை. பிஸ்கட்டும் பிளேன்ரீயும் கொண்டு மூன்று வாரம் ஓட்டுகின்றான். வீட்டிலிருந்து பொதி அனுப்பும் அன்னையர் இனிப்புப் பண்டங்களோடு பயறும் கச்சானும் எள்ளுருண்டையும் சேர்த்து அனுப்பினால் பேருதவியாகும்.

மாரி காலத்திற் பரீட்சை வந்தால் டெங்குக் காய்ச்சலும் உடன் வரும். காய்ச்சலை மறைத்து, கடையிலே கண்ட வலிமாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு மண்டபத்தில் போய் அமர்வது வீரமாகாது. டெங்கிலே சில வலிமாத்திரைகள் இரத்தப் பெருக்கை உண்டாக்கி உயிருக்கே உலை வைக்கும். பல்கலைக்கழக மருத்துவரிடம் உடனே செல்லுங்கள். உரிய காலத்தில் மருத்துவச் சான்று ஒப்படைத்தவர் அடுத்த முறை முதற் தோற்றமாகவே எழுத இடமளிக்கும் விதிகள் உண்டு. அவற்றை அறியாமல் துன்புற்றோர் பலர்.

உடலினும் மனம் மறைவாக நோகும். மன்னாரிலிருந்து மாத்தறைக்குப் படிக்கச் சென்ற மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். விரிவுரை ஆங்கிலத்தில், அறிவித்தற் பலகையிலே பெரும்பாலும் சிங்களம், விடுதியிலே தன் மொழி பேசுவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். சோர்வு முற்றிய நாளில் அவன் யாரிடம் தன் நெஞ்சைத் திறப்பான்? உளவள ஆலோசகர் இருந்தும் அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், அழுகையையும் மொழிபெயர்த்தா சொல்வது? தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் கூறுகின்றது. அம்மொழியுரிமை கடிதங்களோடும் பெயர்ப்பலகைகளோடும் நிற்பதற்குரியதன்று. யாழ்ப்பாணத்திலே பயிலும் சிங்கள மாணவிக்கும் இதே உரிமை உண்டு என்பதை நாம் ஒருபோதும் மறுக்கமாட்டோம். இதற்கிடையில், தாங்கவொண்ணாத் துயருற்ற எவரும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்தை அழைக்கலாம். நண்பன் திடீரென மௌனமானால், பாடக்குறிப்பைக் கேட்பதற்கு முன் அவன் உண்டானா, உறங்கினானா என்று கேளுங்கள்.

நாம் கேட்பவை அரிய வரங்களல்ல. ஒப்படைகளுக்குப் பீடம் முழுவதற்கும் ஒரே நேரசூசி வகுக்கப்பட வேண்டும். இறுதி இரண்டு வாரங்களிற் புதிய ஒப்படை எதுவும் கூடாது. கற்றல் விடுமுறையிலே நூலகத்தோடு சிற்றுண்டிச்சாலையும் திறந்திருக்க வேண்டும். நூலகம் திறந்து அடுப்பு அணைந்திருப்பதால் யாருக்கு என்ன பயன்? இரு மொழிகளிலும் ஆலோசகர் நியமிக்கப்பட வேண்டும். அம்மாதத்து உதவித்தொகை, கற்றல் விடுமுறை தொடங்கும் நாளுக்கு முன்னரே மாணவரின் வங்கிக் கணக்கிற் சேர வேண்டும். துணைவேந்தர்களும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும், நமது பாராளுமன்றப் பிரதிநிதிகளும் இவற்றுள் எதனைச் செய்ய இயலாது என்கின்றனர் என்பதைக் காரணத்தோடு பகிரங்கமாகச் சொல்லட்டும். அவர்களுடைய மறுமொழி எதுவாயினும் இதே பக்கத்தில் வெளியிடக் காத்திருக்கின்றோம்.