விடுபட்ட பெயர்கள் எங்கே விடுபட்டன?

பத்திரிகையில் ஒரு பிழை வந்துவிட்டால், அச்சான பிரதியைப் பேனாவால் திருத்திவிட்டு எவரும் ஓய்ந்துவிடுவதில்லை. நிருபரின் பிரதியிலா, உதவி ஆசிரியரின் மேசையிலா, பக்க வடிவமைப்பிலா பிழை புகுந்தது என்று தேடுவோம். கணினிப் பிரிவுகள் பலவற்றில் இந்தத் தேடலைக் காண்பது அரிதாகவே இருக்கிறது.

பெரிய அலுவலகங்களில் கணினிக் கோளாறுகளை முறையிடுவதற்கு ‘ஹெல்ப்டெஸ்க்’ எனப்படும் உதவி மேசை மென்பொருள் உண்டு. ஒவ்வொரு பணியாளருக்கும் அதில் ஒரு பதிவு இருக்கும். பெயர், பிரிவு, கிளை, தொலைபேசி இலக்கம் என்பன அதில் அடங்கும். இவற்றுட் பாதி வெறுமையாகக் கிடப்பதை அற்ப விடயமாக நான் கருதவில்லை. கடவுச்சொல்லை மறந்த பிரதேச நிருபர் ஒருவர் இரவு எட்டு மணிக்கு அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேசுபவர் அவர்தானா என்று சரிபார்க்கப் பதிவில் கிளையுமில்லை, இலக்கமுமில்லை. உதவி மேசையிலிருப்பவர் மறுக்கிறார். விதிப்படி அவர் செய்வது சரியே. செய்திதான் மறுநாள் இதழில் இராது.

இதற்கு நிர்வாகங்கள் காணும் பரிகாரம், எழுதுவினைஞர் ஒருவரை அமர்த்தி வெற்றிடங்களை நிரப்பச் செய்வது. இது வீண் வேலை. பணியாளர் விபரக்கோவையிலிருந்து இரவுதோறும் தகவல் இறங்கும் அலுவலகங்களில், கையால் நிரப்பியவை காலையில் அழிந்து பழைய வெறுமை திரும்பிவிடக்கூடும்.

பதிவு உருவான நேரத்தையும் அதை உருவாக்கிய கணக்கையும் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நள்ளிரவில் ஒரே மூச்சில் உருவானவை விபரக்கோவையிலிருந்து வந்தவை. அவற்றுள் எல்லோருக்கும் ஒரே கட்டம் வெறுமையென்றால், இரு மென்பொருள்களுக்கும் இடையிலான இணைப்பில் அந்தக் கட்டம் சேர்க்கப்படவில்லை என்று முதலில் ஐயுற வேண்டும். சிலருக்கு மட்டும் வெறுமையென்றால் ஆளணிப் பிரிவின் கதவைத் தட்ட வேண்டும். பகலில் ஒன்றிரண்டாக உருவானவை பெரும்பாலும் மின்னஞ்சல் வழியே வந்தவை. முன்பின் அறியாத முகவரியிலிருந்து முறைப்பாடு வந்ததும் மென்பொருள் தானாகவே ஒரு பதிவைத் திறந்துவிடுகிறது. மின்னஞ்சலின் தலைப்பில் முகவரியும், இருந்தால் அனுப்பியவரின் பெயரும் மட்டுமே உண்டு. கிளையை அது எங்கிருந்து அறியும்? ஒருவரே தமது சொந்த முகவரியிலிருந்து எழுதினால் இரண்டாவது மனிதராகவும் ஆகிவிடுகிறார்.

ஒரு வெற்றிடத்தை மட்டும் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். அது குடும்பப்பெயர். இத்தகைய விபரக்கோவைகளுக்கு அடிப்படையான ‘எல்டாப்’ நெறிமுறையின் 2006ஆம் ஆண்டு ஆவணத்தில், ஒரு நபரின் பதிவுக்குக் குடும்பப்பெயர் கட்டாயம், இடுபெயர் கட்டாயமில்லை. தமிழர் பலருக்கு நிலைமை இதற்கு நேரெதிர். இடுபெயர் உண்டு, தந்தை பெயரின் முதலெழுத்து உண்டு, குடும்பப்பெயர் என்று எதுவுமில்லை. அவருடைய பதிவில் எதுவும் விடுபடவில்லை. ஆயினும் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளியை இடுகிறார்கள், அல்லது பெயரையே இருமுறை எழுதுகிறார்கள், அல்லது தந்தையின் பெயரைப் போடுகிறார்கள். பின்னர் காலஞ்சென்ற தந்தையை விளித்து மகளுக்கு மின்னஞ்சல் வருகிறது.

முழுப்பெயருக்கு ஒரே கட்டம் போதும். அவரை எப்படி விளிப்பது என்பதற்கு இன்னொன்று இருக்கட்டும். அதை நியமனப் படிவத்திலேயே கேட்டுவிடலாம். அந்தப் படிவம் ஆளணிப் பிரிவின் கையில்தான் இருக்கிறது.