வெளிச்சம் திரையில், மக்கள் இருளிலா?

கிராம மட்டக் கூட்டங்களில் கணினியும் புரொஜெக்ரரும் இன்று வழமையாகிவிட்டன. சனசமூக நிலையத்தின் யன்னல்கள் சாத்தப்படுகின்றன. சுவரில் ஒளி விழுகிறது. அரை மணி நேரத்தில் முப்பது ஸ்லைட்டுகள் ஓடி மறைகின்றன. முடிவில் "கேள்விகள் உண்டா?" என்று கேட்கப்படுகிறது. எவரும் வாய் திறப்பதில்லை. வந்தவர்கள் வரவுப் பதிவேட்டில் கையொப்பமிட்டு, தேநீர் அருந்திவிட்டுக் கலைகின்றனர். திட்ட அறிக்கையிலோ "மக்களின் பங்கேற்புடன் கலந்துரையாடப்பட்டது" என்று எழுதப்படுகிறது. இதுவா பங்கேற்பு?

இதற்குப் பரிகாரம் புரொஜெக்ரரைத் தூக்கி வைத்துவிட்டு மீண்டும் பெரிய தாள்களுக்கும் மார்க்கர் பேனாவுக்கும் திரும்புவதே என்று சிலர் கருதுகின்றனர். அது சரியான தீர்வு எனத் தோன்றவில்லை. ஒரு குளத்தின் புகைப்படத்தையோ கிராமத்தின் வரைபடத்தையோ நூறு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய வாய்ப்பை ஏன் இழக்க வேண்டும்? குறை கருவியில் இல்லை. பவர்பொயின்ற் மென்பொருளில் எழுத்துகளைத் துள்ளவும் சுழலவும் வைக்கக் கற்றுக்கொண்ட நாம், கேட்பவருக்கு உதவும் வசதிகளைக் கற்கவில்லை என்பதே குறை.

ஒரு ஸ்லைட்டில் எதைப் பெரிதாக எழுதுகிறோம், எதைச் சிறிதாக எழுதுகிறோம் என்பது வெறும் அலங்காரப் பிரச்சினை அல்ல. இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2003ஆம் ஆண்டு ஜனவரியில் கொலம்பியா விண்வெளி ஓடம் ஏவப்பட்டபோது, எரிபொருள் தாங்கியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டொன்று அதன் இடது இறக்கையைத் தாக்கியது. ஓடம் விண்வெளியில் இருக்கையிலேயே பொறியியலாளர்கள் அந்தச் சேதத்தை மதிப்பிட்டு ஸ்லைட்டுகளாக முன்வைத்தனர். அவற்றுள் ஒன்றின் தலைப்பு நம்பிக்கையூட்டுவதாக இருந்தது. ஆனால் மோதிய துண்டு, முன்னைய பரிசோதனைகளில் பயன்பட்ட துண்டுகளைவிட 600 மடங்குக்கும் மேல் பெரியது என்ற செய்தி, அதே ஸ்லைட்டின் அடியில் சிறிய எழுத்தில் கிடந்தது. பெப்ரவரி 1ஆம் திகதி ஓடம் சிதறி, இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவர் உயிரிழந்தனர். விபத்துக்கு ஸ்லைட் காரணமல்ல. ஆயினும் அந்த ஸ்லைட்டை வாசிக்கும் மேலதிகாரிக்கு அது உயிராபத்தான நிலையைப் பற்றியது என்பது புரியாமற் போயிருக்கலாம் என்று விசாரணைச் சபையே அதே ஆண்டு ஓகஸ்ட்டில் வெளியான தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது.

படித்த விஞ்ஞானிகளுக்கே இந்த நிலையென்றால், எமது மக்களின் நிலை என்ன?

கரவெட்டியில் கிணற்று நீர் பற்றி ஒரு கூட்டம் கூட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். யாழ். குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். தோட்டத்தில் இடும் யூரியாவும் மலசலகூடக் குழியின் கழிவும் அதனூடாக இலகுவில் கிணற்றைச் சென்றடைகின்றன. ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குடாநாட்டின் பல கிணறுகள் இந்த அளவைத் தாண்டியுள்ளன என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

இதை எப்படிக் காட்டுவது? "நீர்த்தரப் பகுப்பாய்வின் பெறுபேறுகள்" என்று தலைப்பிட்டு, இருபது கிணறுகளின் அளவுகளை ஆங்கில அட்டவணையாகப் போடுவதே எமது வழக்கம். "கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது" என்பதையே தலைப்பாக எழுதினால் என்ன? கீழே கிராமத்தின் வரைபடம். அதில் 50ஐத் தாண்டிய கிணறுகளுக்கு மட்டும் சிவப்புப் புள்ளி. அவ்வளவு போதும். மிகுதி விபரங்களை மென்பொருளில் ஒவ்வொரு ஸ்லைட்டின் கீழும் உள்ள குறிப்புப் பகுதியில் எழுதிக்கொள்ளலாம். அவை பேசுபவரின் கணினியில் தெரியும், சுவரில் தெரியா. எமது சிலுவைப்பாதையின் 14 நிலைகளும் இவ்வாறானவையே. ஒரு படம், ஒரு நிகழ்வு. மக்கள் அதன் முன் நின்று தாமே செபிக்கின்றனர்.

தமிழில் ஸ்லைட் தயாரிப்போர் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். ஒருங்குறியில் தட்டுவது நன்று. இல்லையேல் எழுத்துருவைக் கோப்புடன் சேர்த்துச் சேமிக்க வேண்டும். அடுத்தது எழுத்தின் அளவு. மெய்யெழுத்தின் புள்ளி கடைசி வாங்கில் இருக்கும் முதியவருக்குத் தெரிய வேண்டுமாயின் 32 புள்ளி அளவுக்குக் குறையலாகாது. 'ஸ்லைட் மாஸ்ரர்' என்ற வசதியில் இதை ஒருமுறை நிர்ணயித்துவிட்டால் எல்லா ஸ்லைட்டுகளுக்கும் அது பொருந்தும்.

எல்லாவற்றிலும் பயனுள்ள வசதி மிக எளியது. ஸ்லைட் ஓடிக்கொண்டிருக்கும்போது 'பி' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகும். மீண்டும் அழுத்தினால் படம் வரும். சிவப்புப் புள்ளிகளைக் காட்டிவிட்டுத் திரையைக் கறுப்பாக்கி, யன்னல்களைத் திறந்து, "இந்தக் கிணறுகளுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். வெங்காயத் தோட்டம் எங்கே, எந்தக் குழி எந்தக் கிணற்றுக்கு அருகில் என்பதெல்லாம் அதிகாரியைவிட அங்குள்ள அம்மாமாருக்கே தெரியும்.

இது புதிய முறையல்ல. பிரேசில் நாட்டின் அங்கிக்கோஸ் என்ற ஊரில் 1963ஆம் ஆண்டு பாவுலோ பிரெய்ரே சுமார் 300 தொழிலாளருக்கு எழுத்தறிவு புகட்டியபோது, அவரது குழுவினரும் ஸ்லைட் புரொஜெக்ரரைப் பயன்படுத்தினர். அவர்கள் சுவரில் காட்டியவை அம்மக்களின் அன்றாட வாழ்க்கைப் படங்கள். படத்தைப் பற்றி முதலில் பேசியவர்கள் மக்களே. எழுத்துப் பின்னரே வந்தது. மறு ஆண்டு ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் பிரெய்ரேயைச் சிறையிலிட்டது. பேசத் தொடங்கிய ஏழைகள் யாருக்கு அச்சமூட்டினர் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

எமது நிலையங்களில் பணியாளருக்குக் கணினிப் பயிற்சி அளிக்கும்போது இவற்றையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். ஒவ்வொரு தொகுப்பின் இறுதியிலும் "மக்கள் சொன்னவை" என்ற தலைப்புடன் ஒரு வெற்று ஸ்லைட் இருக்கட்டும். கூட்டத்திலேயே, அவர்கள் கண்முன்னே, அவர்களது சொற்களில் அதை நிரப்புவோம். பின்னர் முழுவதையும் அச்சிட்டு ஒரு பிரதியைச் சனசமூக நிலையத்திலேயே வைத்துவிட்டு வருவோம். அவர்களுடைய கிணறு பற்றிய அறிவு எமது பென் டிரைவில் மட்டும் வீடு திரும்புவது நியாயமல்ல.