நோவை மறைப்பது வீரமன்று

மூல வியாதியைப் பற்றி நமது சங்கங்களில் வாய் திறந்து பேசுவாரைக் காண்பது அரிது. ஏற்காட்டில் காப்பியும் மிளகும் பயிரிடுவோராயினும், அடிவாரத்துச் சேலத்தில் குழித்தறியில் அமர்ந்து நெய்வோராயினும், ரண சிகிச்சை செய்துகொண்டு திரும்பியவர் ‘சிறு காய்ச்சல்’ என்று கூறி ஒதுங்கிவிடுகிறார். இந்த மௌனம் நோவைப் பெருக்குகிறது என்பதே நமது கருத்து.

1937-ல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியைச் சார்ந்த மில்லிகன், மார்கன் முதலியோர் வெளியிட்ட அறுவை முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. அதில் காயம் தைக்கப்படாமல் திறந்தே ஆறுகிறது. ஆசனவாயின் தோலில் உணர்ச்சி நரம்புகள் மிகுதி. சுற்றியுள்ள தசையும் இறுகிப் பிடிக்கும். ஆகவே முதற் சில நாட்களில் நோவு கடுமையாக இருப்பது இயல்பே. அது நோயாளியின் கோழைத்தனமன்று. முதன்முறை மலங்கழிக்கும்போது உண்டாகும் வேதனைக்கு அஞ்சிப் பலர் உணவைக் குறைத்து மலத்தை அடக்குகின்றனர். அடக்கிய மலம் இறுகிப் புண்ணை உரசுகிறது; நோவு இரட்டிக்கிறது; அச்சமும் வளர்கிறது.

இவ்வட்டத்தை அறுக்கும் வழிகள் எளியவை. வைத்தியர் கொடுத்த மாத்திரைகளை, நோவு முற்றும்வரை காத்திராமல், சொன்ன வேளைக்கே உட்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய அகன்ற பாத்திரத்தில் நாளைக்கு இரண்டு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிஷம் அமர்ந்தால் தசை தளரும். கேழ்வரகு, சாமை, கீரை, கொய்யா முதலிய நார்ப்பொருள் மிக்க உணவு மலத்தை இளக்கும். மலைக்குளிரில் தாகம் தோன்றாதாயினும் நீர் பருகத் தவறலாகாது. மலம் இளக வைத்தியர் தரும் மருந்தையும் விடலாகாது. சிறிது இரத்தம் கசிவது சாதாரணம். இரத்தம் பெருகினாலும், காய்ச்சல் கண்டாலும், சிறுநீர் தடைப்பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

சேலத்தில் சிகிச்சை பெற்று இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் அமர்ந்தே கடந்து வீடு திரும்புபவரின் துன்பத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். புண் முற்றும் ஆறச் சில வாரங்கள் செல்லும். ஆனால் நெய்தால்தான் கூலி என்ற நிலையில் உள்ள நெசவாளர், புண் ஆறுமுன்னரே தறிக்குழியில் இறங்குகிறார். அவர் பொறுமையைப் புகழ்வது மட்டும் கூட்டுறவாகாது.

ஆகவே நமது யோசனை இது: துணை விதிகளுக்கு உட்பட்டு, ரண சிகிச்சை பெற்ற அங்கத்தினருக்கு ஓய்வுக் காலத்தில் வட்டியில்லா முன்பணம் அளிப்பது குறித்து அடுத்த பொதுக்குழுவில் ஒவ்வொரு சங்கமும் ஆலோசிக்கட்டும். சிகிச்சை பெற்றுத் தேறியவர்களும் கூச்சத்தை விட்டு, அடுத்து அந்த மேஜையில் படுக்கவிருப்பவருக்குத் தம் அனுபவத்தைச் சொல்லட்டும். ‘நானும் பட்டேன், பத்து நாளில் தணிந்தது’ என்று அண்டை வீட்டார் கூறும் ஒரு சொல், மருந்துக்கு அடுத்தபடியான ஆறுதலாகும்.