கொடையும் கூத்தும்



செட்டிநாட்டு அண்ணாமலையார் 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவியபோது, தமிழ்ப்பாட்டு 'துக்கடா' எனும் பெயரோடு கச்சேரியின் இறுதியிலே கிடந்தது. தமிழில் பாடினால் இசைத்தரம் தாழும் என்றாரும் உளர். அவர்தம் கொடை ஒருநாள் விழாவிற் கரையவில்லை. இசைப்பள்ளியாய், மன்றமாய், 1949 முதல் பண்ணாராய்ச்சியாய்க் கிளைத்தது.

ஆயின், தலைநகர் மேடையோடு கலை முடிந்ததா?

நம் சவ்வாது மலையடியில், ஆரணி, போளூர்ப் பக்கங்களில், விடியவிடியத் தெருக்கூத்து ஆடுவோர் பலர். தந்தையோடு இரவெல்லாம் பின்பாட்டுப் பாடிவந்த சிறுவர் எம் வகுப்பில் தூங்கி விழுவர். அவர்களை அடித்தெழுப்பியதை எண்ணி இன்று நாணுகின்றோம். பசியும் கலையும் ஒருவீட்டில் வாழ்வதை யாம் அன்று அறிந்தோமில்லை. கல்வியா, கூத்தா என்று அப்பிள்ளைகளைப் பிளந்தது நம் பள்ளிமுறையே.

காஞ்சியை அடுத்த புஞ்சரசந்தாங்கலில், கூத்தர் இராசகோபால் முதலானோர் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் (பெயர் தமிழன்று, செயல் தமிழே!) அப்பிளவை மூடிற்று. எளிய குடிப் பிள்ளைகள் பள்ளிப்பாடமும் கூத்தும் ஒருங்கே கற்றனர். ஆடவரே ஆடிய களத்தில் பெண்மக்களும் கட்டை கட்டி ஆடினர். 2020-இல் அது மூடப்பெற்றது.

கோபுரத்திற்கு வண்ணம் பூச ஓடிவரும் நம்மூர்ச் செல்வர்களே! கண்ணமங்கலத்தில் மாலைக் கூத்துப்பள்ளி ஒன்றிற்கு வேண்டுவன ஒரு கூரை, மத்தளம், முகவீணை, ஆசானுக்குத் திங்கள்தோறும் தவறாத ஊதியம், இரவில் ஆடிய பிள்ளைக்குக் காலையில் ஒருவேளைச் சோறு. இவற்றுள் எதனை நீவிர் ஏற்கின்றீர்?