ஒரே பெற்றோல் செட், இரண்டு கடவுச்சீட்டு

போன கிழமை கன்ரீனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது என்னோடு படிக்கும் ஒருத்தி மெல்லக் காதுக்குள் சொன்னாள்.

"எனக்கொரு சம்பந்தம் வந்திருக்கடி. மாப்பிள்ளை லண்டன். ஆனா பிரெஞ்சு பாஸ்போட். அதாலை விசாவுக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லையாம், ரெண்டு மாசத்திலை போகலாமாம் எண்டு புரோக்கர் சொன்னவர்."

எனக்குப் புரையேறிவிட்டது. புரோக்கர் சொன்னது முழுப் பொய் இல்லை. பத்து வருடத்துக்கு முன்னர் அது உண்மைதான். எங்கள் வீட்டிலேயே நடந்தது. ஆனால் இன்றைக்கு உண்மை இல்லை. அவளுக்கு அன்று மணி அடித்துவிட்டதால் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டு அக்காமார். நான் கடைக்குட்டி. பெரியக்காவுக்கு 2013 கடைசியில் எழுத்து நடந்தது. அத்தான் சின்ன வயதிலேயே பிரான்சுக்குப் போய் அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தவர். பிறகு லண்டனுக்கு மாறி ஒரு பெற்றோல் செட்டில் இரவு வேலை. பெரியக்கா 2014 தொடக்கத்தில் இரவு பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தார். அதன் பெயர் ஈஈஏ ஃபமிலி பேர்மிட், அதாவது குடும்ப அனுமதி. கட்டணம் இல்லை. ஆங்கிலப் பரீட்சை இல்லை. அத்தானின் சம்பளம் இத்தனை ஆயிரம் இருக்கவேண்டும் என்ற கோடும் இல்லை. அவருடைய பாஸ்போட், அவர் வேலை செய்வதற்கான கடிதம், திருமணப் பதிவு, படங்கள். அவ்வளவுதான். ஆறு கிழமையில் அனுமதி வந்தது. (கட்டணமே இல்லாத விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க எங்கள் ஊரில் ஒருவர் ஒன்றரை லட்சம் ரூபாய் வாங்கினார் என்பது தனிக்கதை. அப்பா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் கோபப்படுவார்.)

அந்த அத்தான்தான் தன்னோடு வேலை செய்த ஒருவரைச் சின்னக்காவுக்குப் பேசிவைத்தார். அதே பெற்றோல் செட். அதே மணிக்கூலி. ஒருவர் இரவு, மற்றவர் பகல். ஒரேயொரு வித்தியாசம்: சின்னத்தான் பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர். "சொந்த நாட்டுக் குடிமகன், இவருக்கு இன்னும் கெதியாய் நடக்கும்" என்று அம்மா சந்தோசப்பட்டார். 2014 கார்த்திகையில் எழுத்து.

சின்னக்கா விமானம் ஏறியது 2016 கடைசியில்.

இரண்டு வருடம் கழுத்தில் தாலியோடு எங்கள் வீட்டிலேயே இருந்தார். கோயிலுக்குப் போனால் கேள்வி, கலியாண வீட்டுக்குப் போனால் கேள்வி. "இன்னும் விசா வரேல்லையோ பிள்ளை?" பிறகு அவர் எங்கும் போவதையே விட்டுவிட்டார். எனக்கு அப்போது பதினொரு வயது. ஒருநாள் ஸ்கைப்பில் பேசி முடித்துவிட்டுக் கணினிக்கு முன்னால் அப்படியே இருந்தவர் என்னிடம் கேட்டது இன்னும் ஞாபகம். "இவர் பிரான்ஸ்காரனாய் இருந்திருக்கலாம் என்ன?"

ஏன் இப்படி? வணிகம் படிக்கவந்த பிறகுதான் எனக்கு இதன் கணக்குப் புரிந்தது.

முதலில் பெரியக்காவின் வழி. ஐரோப்பிய ஒன்றியம் அடிப்படையில் ஒரு பொதுச்சந்தை. பொருள், சேவை, மூலதனம், ஆட்கள் எல்லாம் எல்லை தாண்டி ஓடவேண்டும் என்பது அதன் கொள்கை. ஆனால் தொழிலாளி மூலதனம் போல இல்லை. அவனுக்குக் குடும்பம் உண்டு. மனைவியை விட்டுவிட்டு வா என்றால் வரமாட்டான். அதனால் 1968-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியிலேயே இன்னொரு நாட்டுக்கு வேலைக்குப் போகும் தொழிலாளியின் வாழ்க்கைத்துணை, எந்த நாட்டவராக இருந்தாலும், கூடவந்து வசிக்கலாம் என்று எழுதிவைத்தார்கள். 2004-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கப் பணிப்புரை அதை இன்னும் தெளிவாக்கியது. துணைக்கான விசா கட்டணம் இல்லாமல், இயன்றளவு விரைவாக, துரித நடைமுறையில் கொடுக்கப்படவேண்டும். மறுப்பதென்றால் பொது ஒழுங்கு, பாதுகாப்பு, சுகாதாரம், அல்லது போலித் திருமணம் போன்ற மோசடி என்று காரணம் காட்டவேண்டும். 2008 ஜூலையில் மெற்றொக் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், துணைவர் முன்னரே இன்னொரு ஐரோப்பிய நாட்டில் சட்டப்படி வாழ்ந்திருக்கவேண்டும் என்று அயர்லாந்து போட்டிருந்த நிபந்தனையையும் செல்லாதென்றது.

இதில் கவனிக்கவேண்டியது ஒரு சொல்: உரிமை. பெரியக்கா சலுகை கேட்டுப் போகவில்லை. தனக்கு ஏற்கெனவே இருந்த உரிமைக்கு ஒரு முத்திரை வாங்கத்தான் போனார்.

இனிச் சின்னக்காவின் வழி. சொந்த நாட்டிலேயே இருக்கும் குடிமகன் எல்லை தாண்டவில்லை. ஆகவே ஐரோப்பியச் சட்டம் அவரைத் தொடுவதில்லை. உள்நாட்டுக் குடிவரவு விதிதான். அந்த விதியில் 2012 ஜூலை 9 முதல் ஒரு கோடு போட்டார்கள். துணையை அழைப்பவர் வருடத்துக்கு 18,600 பவுண் உழைக்கவேண்டும். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2014 ஒக்ரோபரில் அங்கே குறைந்தபட்ச மணிக்கூலி 6.50 பவுண். கிழமைக்கு 40 மணி நேரம், 52 கிழமை, ஒருநாள் விடாமல் வேலை செய்தாலும் 13,520 பவுண்தான். அதாவது அரசாங்கம் சட்டமாக்கிய கூலியில் முழுநேரம் உழைக்கும் ஒருவன், அதே அரசாங்கத்தின் கணக்கில் மனைவியோடு வாழத் தகுதி இல்லாதவன்.

உழைப்புப் போதாவிட்டால் சேமிப்பைக் காட்டலாம். அதற்கும் சூத்திரம் உண்டு: 16,000 பவுணோடு, குறைகிற தொகையின் இரண்டரை மடங்கைக் கூட்டவேண்டும். வருமானமே இல்லாதவர் 62,500 பவுண் காட்டவேண்டும். பெற்றோல் செட்டில் நிற்பவரிடம் எங்கே போவது?

சின்னத்தான் இரண்டாவது வேலை எடுத்தார். பகல் முழுக்க செட்டில் நின்றுவிட்டு இரவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். அந்தச் சம்பளச் சிட்டைகள் சேர்ந்த பிறகுதான் விண்ணப்பம். அதோடு அக்காவுக்கு ஆங்கிலப் பரீட்சை, ஆயிரம் பவுணுக்கு மேலே கட்டணம், சுகாதார வரி. பெரியக்கா பஸ்ஸில் போன கொழும்புக்குச் சின்னக்கா ரயிலில் போனார். இடையில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டில் அந்த இரண்டு வருடத்தில் முன்னேறியது அது ஒன்றுதான்.

பிரித்தானியாவை மட்டும் குறைசொல்ல வரவில்லை. டென்மார்க் 2002-இல் வெளிநாட்டுத் துணையை அழைக்க இருவருக்கும் 24 வயது ஆகவேண்டும் என்று சட்டம் போட்டது. இளம் டெனிஷ்காரர் பலர் பாலத்தைத் தாண்டிச் சுவீடனின் மால்மோவில் வீடெடுத்தார்கள். அங்கே அவர்கள் "ஐரோப்பியர்" ஆகிவிட்டார்கள், உரிமை கிடைத்தது. நெதர்லாந்துக் குடிமகனின் மனைவி இலங்கையர் என்றால் வரமுன்னரே டச்சு மொழியிலும் சமூக அறிவிலும் பரீட்சை எழுதவேண்டும். அமெரிக்கர், யப்பானியர் என்றால் வேண்டாம். நெதர்லாந்துக்காரர் பலரும் பெல்ஜியத்துக்குப் போய்த் துணையை அழைத்தார்கள். சொந்த மனைவியோடு வாழச் சொந்த நாட்டை விட்டுப் போகவேண்டிய கூத்து!

இந்தக் கூத்துக்கு வழி திறந்துவிட்டவர் ஓர் இந்தியர். சுரிந்தர் சிங். 1982-இல் பிரித்தானியப் பெண்ணை மணந்து, இருவரும் ஜேர்மனியில் சில வருடம் வேலைசெய்து, 1985-இல் திரும்பிவந்து வியாபாரம் தொடங்கினார்கள். அவரை நாடு கடத்தப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் வேலைசெய்துவிட்டுத் தாயகம் திரும்பும் குடிமகனுக்கு, அங்கே கிடைத்ததைவிடக் குறைந்த குடும்ப உரிமை கொடுக்கக்கூடாது, கொடுத்தால் யாரும் வேலைக்கு வெளியே போகமாட்டார்கள் என்று 1992 ஜூலையில் நீதிமன்றம் தீர்த்தது. தீர்ப்பு வரும்போது அந்தத் திருமணமே முறிந்திருந்தது. ஆனால் அந்தப் பெயரில் எத்தனையோ சோடிகள் அயர்லாந்துக்கும் ஜேர்மனிக்கும் போய் வேலைசெய்து திரும்பினார்கள். சின்னத்தானிடமும் அயர்லாந்துக்குப் போகச் சொல்லி ஆலோசனை சொன்னார்கள். படுக்கையில் இருந்த தாயை விட்டுவிட்டு அவரால் போகமுடியவில்லை.

மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இது நியாயமான கட்டுரை ஆகாது. "வருகிறவர் வரிப்பணத்தில் வாழக்கூடாது" என்கிறார்கள். சரி. ஆனால் துணைவர் விசாவிலேயே அரச உதவி எடுக்கமுடியாது என்ற நிபந்தனை இருக்கிறது. மேலும், வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் துணை அங்கே போய் உழைக்கப்போகும் சம்பளத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சின்னக்கா இங்கே கணக்குப் பகுதியில் வேலை செய்தவர். போய் நாலாம் மாதமே வேலை எடுத்தார். எதிர்பார்க்கும் செலவை எழுதி எதிர்பார்க்கும் வரவை எழுதாத ஒரு பாதீட்டை நான் பரீட்சையில் எழுதினால் சேர் முட்டைதான் போடுவார்.

"போலித் திருமணம் நடக்கிறது" என்கிறார்கள். அதுவும் உண்மை. எங்கள் ஆட்களும் செய்திருக்கிறார்கள், மறைக்கத் தேவையில்லை. ஆனால் போலியைப் பிடிக்கச் சம்பளக்கோடு எப்படி உதவும்? பணம் உள்ளவன் போலியாகக் கட்டினால் கோட்டைத் தாண்டிவிடுவான். பணம் இல்லாதவன் உண்மையாகக் கட்டினாலும் இந்தப் பக்கம்தான். 2017 பெப்ரவரியில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம்கூட அந்தக் கோடு கொள்கையளவில் சட்டப்படி சரி என்றது. பிள்ளைகளின் நலனை விதிகள் போதுமாகக் கவனிக்கவில்லை என்று மட்டும் குட்டியது. சட்டப்படி சரியானதெல்லாம் நியாயமாகிவிடாது என்பது என் கருத்து.

ஆனால் இதை எழுதும்போது எனக்கு இன்னொன்றும் உறைக்கிறது. பெரியக்காவுக்குக் கிடைத்ததும் அன்புக்கான மரியாதை இல்லை. அத்தான் எல்லை தாண்டி உழைக்கவந்த கூலி என்பதற்காகக் கொடுத்தது. சந்தைக்காகக் கொடுத்த உரிமை, சந்தையை விட்டு வெளியேறியதும் போய்விட்டது. 2020 டிசம்பர் 31-ஓடு பிரித்தானியாவில் அந்தச் சுதந்திர நடமாட்டம் முடிந்தது. பழைய குடும்ப அனுமதி 2021 ஜூன் 30-ஓடு நின்றது. சுரிந்தர் சிங் வழியையும் 2022 மார்ச் 29-உடன் மூடிவிட்டார்கள்.

என் தோழிக்கும், அவளைப் போன்றவர்களுக்கும் இப்போதைய நிலை இதுதான். லண்டனில் இருக்கும் பிரெஞ்சு, ஜேர்மன், டச்சுப் பாஸ்போட்காரருக்குக் கட்டணமில்லாத ஒரு குடும்ப அனுமதி இன்னும் உண்டு. ஆனால் அவர் 2020 முடிவதற்குள் அங்கே குடியிருந்திருக்கவேண்டும், திருமணமோ உறவோ அந்தத் திகதிக்கு முன்னரே இருந்திருக்கவேண்டும். இனிமேல் எழுதப்போகும் எழுத்துக்கு அது பொருந்தாது. சின்னக்காவின் வழிதான். அந்தக் கோடும் 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுணாக ஏறிவிட்டது. சேமிப்பு மட்டும் காட்டுவதென்றால் 88,500. 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச மணிக்கூலி 12.21. அதே 40 மணி, 52 கிழமை கணக்கில் 25,397 பவுண். பதினொரு வருடம் கழித்தும் அதே செட்டில் நிற்பவருக்குக் கோடு எட்டவில்லை.

அதே பிரெஞ்சுப் பாஸ்போட்காரர் ஜேர்மனியிலோ அயர்லாந்திலோ வேலைசெய்தால் 2004-ஆம் ஆண்டுப் பணிப்புரை இன்றும் பொருந்தும். கட்டணமும் இல்லை. பக்கத்து வீட்டு ஜேர்மன் குடிமகனின் மனைவி ஏ1 ஜேர்மன் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பாள்.

ஆகவே தோழிகளே, மாப்பிள்ளையின் பாஸ்போட் நிறத்தை மட்டும் கேட்காதீர்கள். அவர் எந்த நாட்டில், எப்போதிருந்து, என்ன வேலையில் இருக்கிறார் என்று கேளுங்கள். விதியைப் புரோக்கரிடம் கேட்காமல் அந்தந்த அரசாங்கத்தின் தளத்தில் நீங்களே வாசியுங்கள். விண்ணப்பம் இலவசம் என்றால் அதற்கு லட்சக்கணக்கில் கேட்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

இரண்டு அக்காமாரும் இன்று லண்டனில் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறார்கள். பெரியக்காவின் மகனுக்கும் சின்னக்காவின் மகளுக்கும் மூன்று வயது வித்தியாசம். "கொஞ்சம் முந்திப் பிறந்திருந்தா ரெண்டு பேரும் ஒரே வகுப்பிலை படிச்சிருப்பினம்" என்று அம்மா தொலைபேசியில் அடிக்கடி சொல்வார். சின்னக்கா அதற்கு ஒன்றும் சொல்வதில்லை. பேச்சை மாற்றிவிடுவார்.