ஊரைக் காக்கும் செலவு யாருடையது?

2020 மார்ச்சில் திருவண்ணாமலை மலைவலம் தடைசெய்யப்பட்டது. நிறைமதி இரவுகளில் இலக்கக்கணக்கானோர் நடந்த பாதை வெறிச்சோடியது. தங்குவிடுதிகள் பூட்டிக் கிடந்தன. அறைகள் ஆளின்றிக் கிடந்த அந்நாளில்தான், வளைகுடா நாடுகளில் வேலையிழந்து திரும்பியோர் தாய்மண்ணில் இறங்கியதும் அறைக்கட்டணம் கேட்கப்பட்டனர்.

மீட்பு வானூர்திகள் மே 7ஆம் நாள் பறக்கத் தொடங்கின. மீட்பு என்பது பெயரளவே. வானூர்திச் சீட்டுக்கும் அவர்களே பணங்கட்டினர். இறங்கியபின் 14 நாள் தனித்திருக்க வேண்டும், அதுவும் தம் செலவில் என்றது நடுவணரசு. மே 24ஆம் நாள் நெறிமுறை அதனை 7 நாள் கட்டணத் தங்கல், 7 நாள் வீடு என மாற்றியது. கருவுற்றோர், குடும்பத்தில் இறப்பு நேர்ந்தோர், பத்து அகவைக்குட்பட்ட குழந்தையொடு வந்தோர் முதலியோர்க்கு வீட்டிலேயே தனித்திருக்க இசைவு தரப்பட்டது. வேலையிழந்தோர் என்னும் சொல்லை அப்பட்டியலில் காணோம்! தமிழ்நாட்டரசு கட்டணமில்லா இடங்களும் தந்தது, அது பாராட்டத்தக்கதே. கேரள அரசோ முதலில் கட்டணம் என்றது. எதிர்ப்பெழவே வறியோர்க்கு விலக்களித்தது.

நோய்க்குறி ஏதுமில்லாதவனை ஏன் அடைத்து வைக்கின்றனர்? அவன் நலத்துக்காகவா? அன்று, ஊரின் நலத்துக்காக. ஏரிக்கரை உடையாமல் காக்க ஊரே மண் சுமக்கும். கரையோரத்தில் குடியிருப்பவன் தலையில் மட்டும் கூடையை ஏற்றுவாருண்டோ?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழரும் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். வெள்ளைத் தோட்டமுதலாளி இரக்கமுடையவன் அல்லன். வழிச்செலவைக் கங்காணிக் கடனாகத் தொழிலாளியின் தலையிலேயே கட்டியவன். அவன் காலத்திலேயே, 1923ஆம் ஆண்டுச் சட்டம் ஆள்சேர்ப்புச் செலவையும் வழிச்செலவையும் முதலாளிமார் செலுத்தும் பொதுவைப்பின்மேல் ஏற்றிவிட்டது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து நம்மவர் ஆட்சியில் அச்சுமை மீண்டும் உழைப்பவன் தோளுக்கு வந்தது.

பிரித்தானியா 2021 பெப்ருவரியில் தனியொருவர்க்கு 1,750 பவுண்டு தண்டியதே என்பார் உளர். செல்வநாடு செய்தமையால் முறையல்லாதது முறையாகிவிடுமா?

பணத்துக்கு எங்கே போவது என்பதும் பொருந்தாது. 2009இல் ஏற்பட்ட இந்தியச் சமுதாய நல நிதி, அயல்நாடுகளில் துயருறுவோர்க்கென்றே அமைந்தது. தூதரகப் பணிகளுக்காக அவர்கள் செலுத்தும் கட்டணத்தோடு சேர்த்துத் தண்டப்பட்ட பணம் அது. அவர்கள் பணத்தை அவர்கள் தங்கலுக்குத் திறந்துவிடும் ஆணையை இன்றே எழுதிவைக்கலாம். அடுத்த தொற்று வந்தபின், வானூர்தி நிலைய வாயிலில் மக்களை நிறுத்தி வைத்துக்கொண்டு எழுத வேண்டியதில்லை.